மழை வந்த பிறகு சாகும் புல்

சவானா புல்வெளி ஒன்று பாழாகிவிட்டது என்றால் பழி போட இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்: பொய்த்த மழை, மேய்ந்த மாடு. மேய்ப்பரைக் கேட்டால் மழையைச் சொல்வார். அதிகாரியைக் கேட்டால் மேய்ப்பரைச் சொல்வார்.

1968 முதல் 1973 வரை ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய சாஹேல் பகுதியை உலுக்கிய வறட்சிக்குப் பிறகு இந்த வழக்கு உலக மேடைக்கே போனது. 1975இல் சூடானில் ஆய்வு செய்த சூழலியலாளர் ஹியூ லாம்ப்ரே, 17 ஆண்டுகளில் சஹாரா 90 முதல் 100 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். 1977இல் நைரோபியில் ஐ.நா. பாலைவனமாதல் மாநாடு கூடியது. அளவுமீறிய மேய்ச்சல் அங்கே முக்கியக் குற்றவாளிகளில் ஒன்றாக நிறுத்தப்பட்டது. 1980களில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களோடு அதே சூடான் நிலத்தைப் பார்த்தபோது, அப்படி ஒரு நகர்வுக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. லாம்ப்ரே 1958இன் தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டது வறண்ட ஆண்டில் கண்ட நிலத்தை. காய்ந்த ஆண்டில் போய்ப் பார்த்தால் எந்தப் புல்வெளியும் பாலைவனமாகத்தான் தெரியும்.

அதற்காக மாட்டுக்கு நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. வறட்சியையும் மேய்ச்சலையும் தனித்தனிக் கணக்காக வைத்து, எது பெரியது என்று கேட்பதில்தான் சிக்கலே. புல்லைப் பொறுத்தவரை, ஒன்றின் மேல் இன்னொன்று எந்த வாரத்தில் வந்து விழுகிறது என்பதுதான் விஷயம். காய்ந்து கிடக்கும்போது மேய்வதால் வரும் கேட்டைவிட, மழை திரும்பிய முதல் சில வாரங்களில் மேய்வதால் வரும் கேடு பெரும்பாலும் அதிகம். ஏன் என்று பார்க்கப் புல்லின் தூருக்குள் கொஞ்சம் குனிய வேண்டும்.

உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சவானா. தொடர்ச்சியான புல், நடுநடுவே மரம், மழைக்காலம் ஒன்று, அதைவிட நீண்ட கோடை ஒன்று என்பது அதன் பொது அமைப்பு. இங்கே நிலத்தை உண்மையில் தாங்கிப் பிடிப்பவை பல ஆண்டு வாழும் கொத்துப் புற்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா மூன்றிலும் காணப்படும் தெமெடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர்களில் கொழுக்கட்டைப் புல் என்று அழைக்கப்படும் புல்லும் இந்த வகைதான். ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தால் மண்மட்டத்தை ஒட்டிப் பல சிம்புகள் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு சிம்பின் அடியிலும் சிறு மொட்டுகள் உறங்கும். மேலே உள்ள இலை முழுவதும் காய்ந்து வைக்கோலாகிவிட்டாலும், அந்த மொட்டுகளும் அவற்றை ஒட்டிய அடித்தண்டும் உயிரோடு இருக்கும். சத்துச் சேமிப்பு வேரிலும் அடித்தண்டிலும்தான். புல் பிழைத்துக் கிடக்கிறதா என்பதைத் தூரைக் கிள்ளிப் பார்த்தால்தான் தெரியும். இலையின் நிறம் எதையும் சொல்லாது.

மாடு இலையைக் கடிக்கும்போது அடி வாங்குவது வேர். அமெரிக்க வேளாண் துறை 1955இல் வெளியிட்ட கிரைடரின் சோதனைகள் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டின. புல்லின் மேற்பகுதியில் 40 சதவீதம் வரை வெட்டினால் வேர் வளர்ச்சி அப்படியே தொடர்ந்தது. பாதிக்கு மேல் போனதும் வேர்கள் ஒவ்வொன்றாக நின்றன. 80 சதவீதத்தை எட்டியபோது வேர் வளர்ச்சி மொத்தமாக நின்று, நாள்கணக்கில் அப்படியே இருந்தது. மேய்ச்சல் நில மேலாளர்கள் இன்றும் சொல்லும் ‘பாதியை எடு, பாதியை விடு’ என்ற கணக்குக்கு இது வலுச் சேர்த்தது. ஈரம் இருக்கும் காலத்தில் வேர் நிற்பது பெரிய இழப்பில்லை. இலை மறுபடி துளிர்க்கும், வேரும் தொடரும். ஈரம் மண்ணின் அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேர் நின்றுவிட்டால், அந்தப் புல்லுக்குத் தண்ணீர் எட்டாது.

வறட்சி தனியாக என்ன செய்கிறது என்பதை அளக்கப் புல்வெளிக்கு மேல் ஒளி ஊடுருவும் பட்டைகளை இடைவெளி விட்டுக் கூரைபோல் அமைத்து, மழையில் ஒரு பங்கை மட்டும் வெளியே வடித்துவிடுகிறார்கள். ஆறு கண்டங்களில் 100 இடங்களில் இப்படி நடந்த கூட்டுச் சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் அளவுக்குக் கடுமையான ஓராண்டு வறட்சியில் புல்வெளி, புதர்வெளிகளின் விளைச்சல் இழப்பு, மிதமான வறட்சியில் இருந்ததைவிட 60 சதவீதம் அதிகம். வறண்ட இடங்களும் இனங்கள் குறைந்த இடங்களும் கூடுதலாக அடி வாங்கின. ஆனால் இது அந்த ஆண்டின் விளைச்சல். விளைச்சல் விழுவதும் தாவரமே மாறிப்போவதும் வேறு வேறு. நல்ல மழை வந்தால் முதலாவது திரும்பும். இரண்டாவது திரும்புமா என்பதுதான் கேள்வி.

கோடையில் காய்ந்து நிற்கும் இலை புல்லுக்குச் செலவழித்த பொருள். அதை மாடு தின்றால் புல்லின் உயிருக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. மண் வெறுமையாகும், குளம்பு பட்டுப் பொடியாகும் என்பது உண்மை. அது வேறு வகைச் சேதம், அதற்குப் பிறகு வருகிறேன். முதல் மழை விழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. உறங்கிய மொட்டு விழிக்கிறது. முதல் இலையை விடும் அளவுக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது. அந்த இலை ஒளியைப் பிடித்துக் கடனைத் திருப்பிக் கட்டும் முன்பே கடிபட்டால், இன்னொரு இலை விட வேண்டும். சேமிப்பு ஏற்கெனவே ஓரிரு வறட்சி ஆண்டுகளில் கரைந்து போனது. இரண்டாவது, மூன்றாவது கடிக்குப் பிறகு தூர் எழுவதில்லை. மாட்டையும் குறை சொல்ல முடியாது. மாதக்கணக்கில் சருகைத் தின்ற வாய்க்குப் புதுத் துளிர் கிடைத்தால் காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். புரதம் நிறைந்த பச்சை அந்த வேளையில் அந்தத் துளிர் மட்டுமே.

இதனால்தான் வறட்சியைத் தாண்டிய ஒரு கொத்து மழையில் சாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மழைக்குப் பின் நிலம் பச்சையாகத்தான் தெரியும். பச்சையாக இருப்பது வேறு புல்.

காலியான இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை மேய்ச்சல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். மேய்ச்சல் கூடினால் குறைபவை, கூடுபவை, புதிதாக நுழைபவை என்று செடிகளைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1949இல் டைக்ஸ்டர்ஹைஸ் அமெரிக்காவில் வகுத்தார். சவானாவில் குறைபவை தெமெடா போன்ற சுவையான, உயரமான கொத்துகள். கூடுபவை தரையோடு படர்ந்து பல்லுக்கு எட்டாத அருகு போன்றவை, கம்பிபோல் விறைத்து மாடு வாய் வைக்காத அரிஸ்டிடா போன்றவை, மழைக்கு முளைத்து விதை உதிர்த்துச் சாகும் ஓராண்டுப் புற்கள். குறைபவற்றுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தெமெடாவின் விதை மண்ணில் நீண்ட காலம் தங்காது, தாய்ச்செடியை விட்டு அதிக தூரமும் போகாது. தூர்கள் செத்து ஓரிரண்டு ஆண்டு விதை உதிராமல் போனால், அந்த இடத்தில் அதன் கதை முடிந்தது. ஓராண்டுப் புற்களோ விதையாகவே வறட்சியைக் கடக்கும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊருக்கு அருகே வாம்பியானா என்ற பண்ணையில் 1997 முதல் ஒரு மேய்ச்சல் சோதனை நடக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் என்றாலும், ஆண்டுக்கு ஆண்டு அது தாறுமாறாக மாறும் நிலம். ஒரு பக்கம் ஒரு மாட்டுக்கு 4 ஹெக்டேர், இன்னொரு பக்கம் 8 ஹெக்டேர். தொடக்கத்தில் நல்ல மழை. நெருக்கி விட்ட பக்கம் லாபம் காட்டியது. அப்புறம் வறட்சி வந்ததும் அந்தப் பக்கம் தீவனம் வாங்கிப் போட வேண்டி வந்தது, நல்ல கொத்துப் புற்கள் சரிந்தன. அங்கே இடம் பிடித்த புல் இந்தியாவையும் தாயகமாகக் கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் ‘இந்தியன் கவுச்’ என்கிறார்கள். ஓடுதண்டு விட்டுத் தரையோடு படரும், கடித்தாலும் மிதித்தாலும் பிழைக்கும். நல்ல ஆண்டில் பச்சைக் கம்பளமாக இருக்கும். வறண்ட ஆண்டில் மாட்டுக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அதாவது அடுத்த வறட்சி, மழைமானி காட்டுவதைவிடக் கடுமையாக விழும். வறட்சி என்பது வானத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று இது.

மண்ணின் சேதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொத்துகள் மழைத் துளியின் வேகத்தைத் தாங்கி, ஓடும் நீரைத் தடுத்து, வேர் வழியே மண்ணுக்குள் இறக்குகின்றன. அவை போனால் வெறும் மண் மேலே ஏடு கட்டிக்கொள்ளும். நீர் இறங்காமல் வழிந்தோடும். அதே மழை, பாதிப் பயன்.

சாஹேல் இந்தக் கதையில் ஒரு விதிவிலக்கு, அதனாலேயே முக்கியமானது. அங்கே வடபகுதிப் புல்வெளிகள் பெரும்பாலும் ஓராண்டுப் புற்களால் ஆனவை. எட்டு ஒன்பது மாதக் கோடையில் மாடு தின்பது செத்த தட்டையை. விதை ஏற்கெனவே மணலில். மாலியின் கூர்மா பகுதியில் 1984 முதல் நடக்கும் கண்காணிப்பில், 1983-84இன் கடும் வறட்சிக்குப் பிறகு மணற்பாங்கான நிலங்களில் புல் வேகமாக மீண்டது பதிவானது. மேய்ச்சல் நிற்கவே இல்லை, ஆனாலும் மீண்டது. அதே வட்டாரத்தில் மண் ஆழமில்லாத பாறைச் சரிவுகள் மீளவில்லை. அங்கே செடிகள் போனதால் மழைநீர் வழிந்தோடி, தாழ்வான குளங்களில் சேர்ந்தது. மழை குறைந்த காலத்தில் அகோஃபூ போன்ற ஏரிகள் பெரிதான விநோதம் அப்படி நடந்தது. தண்ணீர் கூடியதைப் பார்த்து நிலம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

அடுத்து மரங்கள். சவானாவில் புல்லும் மரமும் எப்படி ஒன்றாக வாழ்கின்றன என்பதற்கு ஹைன்ரிக் வால்டர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் சொன்ன விளக்கம் எளிமையானது: மேல்மண் ஈரம் புல்லுக்கு, கீழே இறங்கும் ஈரம் மரத்துக்கு. மேய்ச்சலில் புல் மெலிந்தால் அது குடிக்காத தண்ணீர் கீழே இறங்கும், முட்செடிகள் கொழிக்கும். பல இடங்களில் வேர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பங்கு பிரித்துக்கொள்வதில்லை என்று பின்னர் தெரிந்தது. அதைவிட உறுதியான பாதை நெருப்பு. புல் இல்லையேல் எரிய எதுவும் இல்லை. எரியாவிட்டால் ஆண்டுதோறும் கருகித் தூரிலிருந்து மறுபடி கிளம்பும் சிறு மரக்கன்றுகள் ஒரே மூச்சில் நெருப்பின் உயரத்தைத் தாண்டிவிடும். மகேஷ் சங்கரனும் பலரும் சேர்ந்து ஆப்பிரிக்காவின் 854 இடங்களின் தரவுகளை வைத்து 2005இல் காட்டியது இது: ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், மரங்கள் எவ்வளவு அடர முடியும் என்பதற்கு மழையே வரம்பு போடும். அதற்கு மேலே போனால் நெருப்பும் மரத்தழையை விலங்குகள் தின்பதும் போன்ற தொந்தரவுகள்தான் காடாகாமல் தடுக்கின்றன.

வறட்சி மரங்களையும் கொல்லும். 1990களில் குயின்ஸ்லாந்தில் யூகலிப்டஸ் மரங்கள் கூட்டமாகச் செத்தன. ஆனால் வறட்சியில் புல்லும் மெலிந்து, உடனே நல்ல மழை ஆண்டுகள் தொடர்ந்து, மாடும் இருந்தால், போட்டியும் நெருப்பும் இல்லாத வெளியில் முட்கன்றுகள் ஒரே வயதுக் கூட்டமாக எழும்பும். நமீபியாவில் 2.6 கோடி ஹெக்டேருக்கு மேல் இப்படிப் புதரேறிய நிலம் என்கிறார்கள். அங்கே பரவும் முட்புதர்களில் ஒன்று நமக்கும் பழக்கமான விடத்தலை. வெட்டிக் கரி சுட்டு ஏற்றுமதி செய்யும் தொழிலே அங்கே வளர்ந்துவிட்டது. காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடும் மரங்களுக்கே அதிகம் சாதகம் என்பதால் பழி முழுவதையும் மாட்டின் மேல் சுமத்த முடியாது. கென்யாவின் பாரிங்கோவில் 1980களின் தொடக்கத்தில் விறகுக்காகவும் மண்ணைக் காக்கவும் நட்ட சீமைக்கருவேலம் விஷயத்தில் கால்நடையின் பங்கு நேரடியானது. வறட்சியில் வேறு தீனி இல்லாத ஆடும் மாடும் அதன் இனிப்பு நெற்றைத் தின்றன, விதையை எருவோடு சேர்த்து ஊரெங்கும் விதைத்தன.

சரி, மாட்டை வெளியேற்றி வேலி போட்டுவிட்டால்? சவானா மேய்ச்சலோடு சேர்ந்தே உருவான நிலம். மேயாமலும் எரியாமலும் விட்ட தெமெடா தன் பழைய இலையின் நிழலிலேயே மூச்சுமுட்டி, சில ஆண்டுகளில் கொத்தாகச் செத்துப்போகும். கொஞ்சம் மேய்ந்த புல் இலை குறைந்ததால் தண்ணீரை மெதுவாகச் செலவழித்து வறட்சியில் சிறிது கூடுதல் நாள் பச்சையாக நிற்பதும் உண்டு. கென்யாவின் லைகிபியாவில் ம்பாலா ஆய்வு மையத்தில் 1995 முதல் மாடு, காட்டு விலங்கு, யானை என்று வகை வகையாக உள்ளே விட்டும் விலக்கியும் வேலிச் சோதனை நடக்கிறது. 2011இல் வந்த முடிவு ஒன்று எனக்குப் பிடித்தது: கோடையில் வரிக்குதிரைகளோடு மேய்ந்த மாடுகள் எடை குறைவாகவே ஏறின, மழைக்காலத்திலோ அதே கூட்டணியில் கூடுதலாக ஏறின. வரிக்குதிரை காய்ந்த தட்டையைத் தின்று பச்சையைத் திறந்துவிடுகிறது. அதே விலங்குகள், பருவம் மாறியதும் உறவும் மாறுகிறது.

மேய்ப்பர்கள் மாட்டை இரவில் அடைத்த பட்டிகள் இன்னொரு அதிசயம். பட்டி கைவிடப்பட்ட பிறகு எரு சேர்ந்த அந்த வட்டத்தில் மரம் ஏறாமல் சத்தான குட்டைப் புல் நிற்கும். கென்யாவின் நாரோக்கில் 1,500 ஆண்டுகளுக்கும் பழைய, சில 3,000 ஆண்டுகளைத் தாண்டிய பட்டி இடங்கள் இன்னும் வளமான புல்திட்டுகளாக இருப்பதை 2018இல் கண்டறிந்தார்கள்.

அப்படியென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வறட்சியும் மாடும் சேர்ந்தே இருந்த நிலம் இப்போது ஏன் திணறுகிறது? எனக்குப் படும் விடை: மழைக்குப் பின் புல்லுக்குக் கிடைத்துவந்த ஓய்வை நாம் எடுத்துவிட்டோம். ஜிம் எல்லிஸும் ஜெரமி ஸ்விஃப்டும் கென்யாவின் துர்கானாவை ஆராய்ந்து 1988இல் முன்வைத்த வாதம், அந்த ஓய்வு எப்படிக் கிடைத்துவந்தது என்று காட்டுகிறது. அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வறட்சி மந்தையை வெட்டிச் சாய்க்கிறது. மந்தை மறுபடி பெருகுவதற்குப் புல்லைவிட அதிக காலம் பிடிக்கும். அந்த இடைவெளியில் புல் தலையெடுக்கும். குரூரமான ஏற்பாடுதான், இந்தச் சாவை நல்லது என்று எழுத எனக்குக் கை வராது. 2020 இறுதியிலிருந்து ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தபோது எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா மூன்றிலும் 95 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் மடிந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது.

ஓய்வு பறிபோன வழிகளில் முதலாவது ஆழ்குழாய்க் கிணறு. செனகலின் ஃபெர்லோவில் 1950களில் தோண்டிய கிணறுகள், முன்பு மழைக்காலத்தில் மட்டும் மேயக்கூடியதாக இருந்த நிலத்தை ஆண்டு முழுதும் திறந்துவிட்டன. சாஹேல் வறட்சியில் கிணற்றைச் சுற்றிச் செத்த மாடுகள் பல தாகத்தால் சாகவில்லை. நடந்துபோகும் தூரத்தில் புல் இல்லாததால் செத்தன. காட்டு விலங்குகளுக்கும் இதே கதை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் வறண்ட வடபகுதியில் நீர்த்தொட்டிகள் அமைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே குடியேறின. உயரமான புல் தேவைப்படும் ரோன் மான்களின் புல் போனது, வரிக்குதிரைகளின் பின்னால் சிங்கங்களும் வந்தன, வறட்சியும் சேர்ந்தது. 1986இல் 450 அளவில் இருந்த ரோன் மான்கள் 1993இல் 45 அளவுக்கு இறங்கின. பூங்கா பிறகு பல தொட்டிகளை மூடியது.

இரண்டாவது வழி, வேலி. எத்தியோப்பியாவின் போரனா மக்கள் கறவை மாடுகளை வீட்டருகே ‘வாரா’ மந்தையாகவும், மற்றவற்றைத் தொலைவில் அலையும் ‘ஃபோரா’ மந்தையாகவும் பிரிப்பார்கள். ஓரிடத்தில் துளிர் எழும்போது மந்தையின் பெரும்பங்கு வேறிடத்தில் இருக்கும். கென்யாவின் கஜியாடோவில் நடந்ததுபோலப் பொது மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்தால், இருக்கும் சில ஹெக்டேரிலேயே எல்லாப் பருவமும் மேய்க்க வேண்டியதுதான். மாட்டை நெருக்கமாகக் கூட்டி வேகமாக இடம் மாற்றினால் பாலைவனத்தையே திருப்பிவிடலாம் என்று ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி சொல்வது பிரபலம். ஒரே எண்ணிக்கை மாடுகளோடு நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் அந்த முறைக்குப் பெரிய மேன்மை தென்படவில்லை. எண்ணிக்கையே அதிகம் தீர்மானித்தது. ஆனாலும் புல்லுக்கு இடைவெளி வேண்டும் என்ற உள்ளுணர்வைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி தீவனமும் காப்பீடும். கென்யாவின் மார்சபிட்டில் 2010இல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை ஒரு அளவுக்குக் கீழே போனால் பணம் கொடுக்கிறது. முதலில் மாடு செத்த பிறகான இழப்பை ஈடுகட்டும் வடிவில் இருந்தது, பின்பு சாகும் முன்பே தீவனம் வாங்கிக் காப்பாற்றும்படி மாற்றப்பட்டது. மேய்ப்பருக்கு இது சந்தேகமில்லாமல் நல்லது. புல்லுக்கு நல்லதா என்பது, அந்தத் தீவனம் எந்த நாளோடு நிற்கிறது என்பதில் இருக்கிறது. முதல் மழையோடு தீவனத்தை நிறுத்தி முழு மந்தையையும் அவிழ்த்துவிட்டால் மேலே சொன்ன சாவு நிச்சயம். இன்னும் சில வாரம் பட்டியிலேயே தீனி போட்டால் தூர் தப்பிக்கும். வடக்கு ஆஸ்திரேலியாவில் மழைக்காலத்தின் முதல் ஆறு முதல் எட்டு வாரம் ஒரு பகுதி நிலத்தை மூடி வைக்கச் சொல்கிறார்கள். மழை முடியும் மாதத்தில் நிற்கும் புல்லை அளந்து, அடுத்த மழை வரை அது எத்தனை மாட்டுக்குப் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சத்தை விலை விழும் முன்பே விற்கவும் சொல்கிறார்கள். விற்பதற்குச் சந்தையும் லாரியும் பக்கத்தில் உள்ள பண்ணையாளருக்கு அது கைகூடும். மந்தையே வங்கிக் கணக்காக இருக்கும் குடும்பத்துக்கு, வறட்சி முடிந்து மீதி இருக்கும் ஐந்தாறு மாட்டை மழையின் முதல் வாரத்தில் பச்சைப் பக்கம் போகாமல் பிடித்துவைக்க, யாராவது தீவனத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.